ரவைத் துப்பாக்கிக்காரனுக்கு ஒரு சாட்சி

ஹூகோ பெஷல் செத்த அன்று காலையிலும் பிரான்சின் ஆர்கோன் காட்டில் மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கி அது ஐந்தாவது இலையுதிர் காலம். அமெரிக்கர்கள் வந்து இறங்கியதிலிருந்து ஜெர்மன் படை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் பறிகொடுத்த ஒரு பதுங்குகுழியைத் திரும்பப் பிடிக்க ஓஸ்வின் கிரெட்ஷ்மரையும் ஹூகோவையும் முன்னால் அனுப்பியிருந்தார்கள்.

இருவரும் லைப்சிக் நகரத்துக்காரர்கள். போருக்கு முன்னால் ஒரே தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். அழுத்தத்தில் துள்ளும் குழாயைப் பிடித்துப் பழகிய கைகள் வேண்டும் என்று, படையில் இவர்களைப் போன்றவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். இப்போது குழாயில் வருவது தண்ணீர் இல்லை, நெருப்பு. ஹூகோ முதுகில் எண்ணெய்த் தொட்டியைச் சுமப்பான்; ஓஸ்வின் முன்னால் குழலைப் பிடிப்பான். இருவர் சட்டைக் கையிலும் மண்டையோட்டுச் சின்னம். மற்ற சிப்பாய்கள் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். வெறுப்பு ஒன்றும் இல்லை. இவர்கள் இருக்கும் இடத்தைத்தான் எதிரி முதலில் குறிவைப்பான், அவ்வளவுதான்.

பதுங்குகுழி வளைந்து திரும்பும் இடத்தில் ஓஸ்வின் குழலை நீட்டினான். நுனியில் இருந்த பற்றவைப்பான் புகைந்ததே தவிரப் பற்றவில்லை. மழையில் நமுத்துப்போயிருந்தது.

"அண்ணே, சீக்கிரம்" என்றான் ஹூகோ பின்னாலிருந்து.

"இருடா, வேற மாட்டுறேன்" என்று ஓஸ்வின் மண்டியிட்டான்.

அப்போது வளைவைத் தாண்டி ஓர் அமெரிக்கன் வந்தான். கையில் குட்டையான துப்பாக்கி. ஓஸ்வினின் தலைக்கு மேலாக அது ஒரு முறை வெடித்தது. பின்னால் ஹூகோ விழும் சத்தம் கேட்டது. அடுத்த தோட்டாவை ஏற்ற அமெரிக்கன் துப்பாக்கிக் குழலுக்கு அடியில் இருந்த கட்டையைப் பின்னுக்கு இழுத்தான். முன்னுக்குத் தள்ளும்போது அது பாதியில் சிக்கிக்கொண்டது. அந்தத் துப்பாக்கியின் தோட்டாவுக்குக் காகித உறை. ஈரத்தில் ஊறிப் பருத்துப்போயிருந்தது. ஓஸ்வின் அண்ணாந்து பார்த்தபடி மண்டியிட்டே இருந்தான். இன்னொரு தடவை அமெரிக்கன் இழுப்பதற்குள் பின்னால் வந்த காலாட்படைக்காரர்கள் ஓஸ்வினைத் தாண்டிக் குதித்து அவன்மேல் விழுந்து அமுக்கிவிட்டார்கள்.

ஓஸ்வின் திரும்பி ஹூகோவின் முகத்தைப் பிடித்துத் தூக்கினான். கண் திறந்தபடி இருந்தது. நெஞ்சுச் சட்டையில் ஏழெட்டு ஓட்டைகள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

* * *

பிடிபட்டவனை அங்கேயே சுட்டுவிட வேண்டும் என்றார் சார்ஜென்ட் டிராவுட்வெட்டர். கைப்பற்றிய ரவைத் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கடா இத. கொக்கு குருவி சுடற சாமான். மனுஷன் மேல ஈயத்த வாரி இறைக்கறானுங்க. இவனுங்கதான் நம்மள காட்டுமிராண்டின்னு பேப்பர்ல எழுதறானுங்க."

கேப்டன் ஷூர்மன் மட்டும் தடுத்தார். அவருக்கு அந்தக் கைதிமேல் இரக்கம் ஒன்றும் கிடையாது. ரவைத் துப்பாக்கியோடு பிடிபடுகிற எவனுக்கும் உயிர் தப்பாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆனால் விசாரணை நடத்தி, சாட்சி வைத்து, முறைப்படிதான் செய்ய வேண்டும். நாளைக்கு உலகம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே.

"கிரெட்ஷ்மர், நீதான கண்ணால பாத்தவன்?" என்றார் ஓஸ்வினிடம்.

"ஆமாங்க ஐயா."

"பெஷல் விழுந்ததுல உங்க தொட்டியில இருந்த எண்ணெயும் கொட்டிப்போச்சு. எப்படியும் பின்னால போகணும். இவனையும் துப்பாக்கியையும் டிவிஷன்ல இருக்கற ராணுவ நீதிபதிகிட்ட ஒப்படைச்சிட்டு, சாட்சி சொல்லிட்டு வா."

புறப்படும் முன் ஓஸ்வின் ஹூகோவுக்குக் குழி வெட்டினான். அமெரிக்கனை ஒரு மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஓஸ்வின் ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

* * *

காட்டுப் பாதையில் சேறு கணுக்காலைத் தாண்டியது. கைதி முன்னால் நடந்தான். ஓஸ்வின் பின்னால், தோளில் தன் துப்பாக்கி ஒன்று, அந்த ரவைத் துப்பாக்கி ஒன்று. வழுக்கி விழுந்தால் கைதி எழுந்திருக்கச் சிரமப்பட்டான், கை முன்னால் கட்டியிருந்ததால். மூன்றாம் தடவை விழுந்தபோது அவனே ஜெர்மன் மொழியில் பேசினான்.

"கொஞ்சம் பிடிச்சுத் தூக்கி விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓஸ்வின் அப்படியே நின்றுவிட்டான். பேச்சு பழைய காலத்துப் பேச்சாக இருந்தது, கிராமத்துக் கல்யாண வீட்டில் கிழவர்கள் பேசுகிற மாதிரி.

"எங்கடா கத்துக்கிட்ட இத?"

"எங்க வூட்டுல இதானுங்க பேச்சு. தாத்தா உங்க ஜெர்மனிலதான், பொமரேனியால இருந்து கப்பல் ஏறிப் போனவரு. நெப்ராஸ்கால எங்க சுத்துவட்டாரம் பூரா நம்ம சனந்தானுங்க. எம் பேரு எல்மர் ரைன்கே."

"உன் பேர நான் கேட்கல."

ஆனாலும் தூக்கிவிட்டான். மறுபடி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் எல்மரே தொடங்கினான்.

"என்னையச் சுடப் போறாங்களாங்க?"

"ஆமா."

"எதுக்குங்க? போர்ல சுட்டதுக்கா?"

"சுட்டதுக்கு இல்ல. இதால சுட்டதுக்கு." ஓஸ்வின் தோளில் இருந்த ரவைத் துப்பாக்கியைத் தட்டினான். "இது மனுஷத்தனம் இல்லாத ஆயுதமாம்."

எல்மர் நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மூக்கில் அடிபட்டு வீங்கியிருந்தது. "எங்கூர்ல இதுல வாத்து சுடுவோமுங்க. குழிக்குள்ள நெருக்கத்துல இதுதான் தோதுன்னு குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன்." சற்று நிறுத்தி ஓஸ்வினின் சட்டைக் கையைப் பார்த்தான். கருகிப்போன புருவத்தையும் பார்த்தான். "நீங்க நெருப்புக்காரரு."

ஓஸ்வின் துப்பாக்கி வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"உங்க ஆளுங்க ஆம்பிட்டா என்ன பண்ணோணும்னு எங்களுக்கும் சொல்லியிருக்காங்க."

"என்ன பண்ணணுமாம்?"

"பிடிக்க வேண்டாம்னு."

"தெரியும்" என்றான் ஓஸ்வின். "நட."

அது அவனுக்குப் புதுச் செய்தி இல்லை. போன வருடம் அவன் படைப்பிரிவில் இருவரைப் பிரெஞ்சுக்காரர்கள் உயிரோடு பிடித்தார்கள். அடுத்த வாரம் அந்த இடம் திரும்பக் கைக்கு வந்தபோது இருவரும் கை பின்னால் கட்டப்பட்டுச் செத்துக் கிடந்தார்கள். அதற்குப் பிறகு பலர் சண்டைக்குப் போகும்போது சின்னத்தைப் பிய்த்துவிட்டுப் போனார்கள். ஹூகோ பிய்க்கவில்லை. "எண்ணெய் நாத்தத்த எங்க கொண்டுபோய் ஒளிக்கறது அண்ணே?" என்று சிரித்தான்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் ஒரு பாழடைந்த செங்கல் சூளை இருந்தது. மழைக்கு ஒதுங்கினார்கள். ஓஸ்வின் தன் கறுப்பு ரொட்டியைப் பாதியாக உடைத்தான். கொடுக்க மனமில்லை. ஆனால் எதிரே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தின்னவும் முடியவில்லை. நீட்டினான். எல்மர் கட்டிய கைகளால் வாங்கிக்கொண்டான்.

"நான் சுட்டவரு உங்களுக்குச் சிநேகிதருங்களா?"

"கூடப் பிறக்காத தம்பி."

"சம்சாரம் இருக்குதுங்களா?"

"இருக்கா. லிடின்னு பேரு. டிராம்ல டிக்கெட் கொடுக்கறா."

எல்மர் ரொட்டியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் இருந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று ஓஸ்வின் எதிர்பார்த்தான். கேட்டால் காறித் துப்பலாம் என்றும் இருந்தான். அவன் கேட்கவில்லை.

"அந்த நெருப்புப் பத்தியிருந்தா எனக்கு என்னங்க ஆயிருக்கும்?" என்றுதான் கேட்டான்.

ஓஸ்வினுக்கு வாய்க்குள் ரொட்டி நின்றுவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன், வெர்டன் சண்டையில், ஒரு நிலவறை. வாசலில் நின்று குழலை உள்ளே நீட்டியது அவன்தான். நீட்டியது ஒரு நிமிடம்கூட இருக்காது. உள்ளேயிருந்து வந்த சத்தம் மதியம் வரை அடங்கவில்லை. தீயணைப்பு வண்டியில் போன காலத்தில் அதே சத்தத்தைக் கேட்டுத்தான் அவன் புகைக்குள் ஓடியிருக்கிறான். தோலுரிந்தவர்களைப் போர்வையில் சுற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். எத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடந்து சாவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு வெர்டனில் அவன் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஹூகோதான் தோளைத் தொட்டு, "வாண்ணே, போலாம்" என்றான்.

"உடனே செத்திருக்க மாட்ட" என்றான் எல்மரிடம். "எழுந்திரு. மழை விட்டாச்சு."

* * *

ராணுவ நீதிபதி டாக்டர் மெர்ட்டன்ஸ் கிராமத்து மருந்துக்கடையில் அலுவலகம் போட்டிருந்தார். அலமாரி நிறையப் பீங்கான் ஜாடிகள், எல்லாம் காலி. அவருக்குச் சளி பிடித்திருந்தது. கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். எல்மரை உள்ளே கொண்டுபோனதும் ஓஸ்வினை வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

குமாஸ்தா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். நைச்சியமாகப் பேசுகிற ஆள்.

"இந்த வழக்குல ஒரே ஒரு சிக்கல்தான், தெரியுமா? தேவையில்லாத வேதனை கொடுக்கற ஆயுதத்தத்தான் சட்டம் தடுக்குது. வேதனை இருந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லணும். செத்தவன் ஒரு மணி நேரம் துடிச்சான், தண்ணி கேட்டான், அம்மான்னு கத்தினான். நீங்க அப்படிச் சொல்லிட்டா போதும். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கொன்னவனுக்கு அவன் கொன்னதுக்குக் கூலி. உங்க ஆளுதான செத்தது?" குமாஸ்தா ரவைத் துப்பாக்கியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "முடிஞ்சதும் இத எங்க சமையல்காரரு கேட்டுக்கிட்டிருக்காரு. காட்டுல பன்னி நிறைய இருக்காம்."

ஓஸ்வின் தன் கைகளைப் பார்த்தான். நகத்துக்குள் மண் இருந்தது, காலையில் வெட்டிய குழியின் மண். குமாஸ்தா சொன்னது அவனுக்குத் தப்பாகப் படவில்லை. ஹூகோ போய்விட்டான், அவனைக் கொன்றவன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், ஓஸ்வினின் ரொட்டி வயிற்றில். ஒரே ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே கூப்பிட்டபோது அதைச் சொல்வது என்ற முடிவோடுதான் அவன் எழுந்தான்.

டாக்டர் மெர்ட்டன்ஸ் முறைப்படி சத்தியம் வாங்கினார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். ஓஸ்வின் சொன்னான். நீதிபதி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"குண்டு பட்ட பிறகு உன் தோழன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான்?"

எல்மர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு தயாராக இருந்தான்.

வார்த்தை ஓஸ்வினின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், துடிக்கிற ஹூகோவை அவன் மனசுக்குள் உண்டாக்க வேண்டியிருந்தது. துடித்துச் செத்தவர்களின் முகம்தான் அவனிடம் நிறைய இருந்ததே. அதில் ஒன்றை எடுத்து ஹூகோவுக்கு மாட்டிவிட வேண்டும். அது அவனால் ஆகவில்லை.

"இல்லைங்க ஐயா" என்றான்.

"என்ன இல்லை?"

"உயிரோட இல்லைங்க. நான் திரும்பறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவன் ஒரு சத்தம்கூடப் போடல."

"நன்றாக யோசித்துச் சொல். வேதனைப்படவே இல்லை என்கிறாயா?"

"வேதனைப்பட நேரம் இல்லைங்க."

குமாஸ்தாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ டாக்டரா?"

"தீயணைப்புல இருந்தேனுங்க. வேதனைன்னா என்னன்னு பாத்திருக்கேன். அப்புறம் இங்க வந்து..." ஓஸ்வின் தன் சட்டைக் கையை முன்னால் நீட்டினான், மண்டையோடு தெரியும்படி. "இங்க வந்து நானே கொடுத்திருக்கேன். எது எவ்வளவு நேரம் வலிக்கும்னு கேட்டீங்கன்னா சொல்லுவேன். எழுதிக்குங்க."

தூரத்தில் பீரங்கி உறுமியது. ஜாடிகள் லேசாக அதிர்ந்தன.

"அதை விசாரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை" என்றார் டாக்டர் மெர்ட்டன்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு குமாஸ்தாவிடம் சொன்னார்: "சாட்சி சொன்னதை அப்படியே எழுது. மருத்துவக் கருத்து வேண்டும் என்று மேலே அனுப்பு. பதில் வரும் வரை இவனை மற்ற கைதிகளோடு வை."

பதில் வரவே இல்லை. அந்த வார முடிவில் டிவிஷன் அலுவலகமே மூட்டை கட்டிப் பின்னால் நகர்ந்தது. எல்மர் ரைன்கே ஆயிரம் கைதிகளில் ஒருவனாகக் கால்நடையாகக் கிழக்கே போனான். போகும்போது அவனும் ஓஸ்வினும் பார்த்துக்கொள்ளவில்லை. ஓஸ்வின் எண்ணெய்க்காகக் கிடங்கில் காத்துக் கிடந்தான். எண்ணெய் வரவில்லை. வந்திருந்தால் திரும்பவும் குழலைத் தூக்கியிருப்போமா என்பது அவனுக்குக் கடைசிவரை நிச்சயமாகத் தெரியவில்லை. தூக்கியிருப்போம் என்றுதான் பல நாள் தோன்றியது. அதற்குள் போர் முடிந்துவிட்டது.

* * *

லைப்சிக் திரும்பியதும் பழைய நிலையத்திலேயே வேலை கிடைத்தது. லிடியைப் போய்ப் பார்க்க அவனுக்குக் குளிர்காலம் முழுக்கத் தைரியம் வரவில்லை. பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படியேறிப் போனான்.

டிராம் வேலை போய்விட்டது என்றாள். போருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்ததும் பெண்களை அனுப்பிவிட்டார்களாம். இப்போது ஒரு சலவைக்கூடத்தில். பார்லிக் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணா. எல்லாத்தையும் சொல்லுங்க. எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்."

அவன் சொன்னான். நமுத்த பற்றவைப்பானை, வளைவை, வெடிச் சத்தத்தை. அவள் அழாமல் கேட்டாள்.

"சுட்டவன பிடிச்சாங்களா?"

பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். படி ஏறும்போது அப்படிச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தான்.

"பிடிச்சாங்க."

"என்ன பண்ணாங்க?"

அவன் மருந்துக்கடை வரை எல்லாவற்றையும் சொன்னான். குமாஸ்தா சொல்லிக்கொடுத்ததையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப அவன் ஊருக்குப் போயிருப்பான்."

"போயிருப்பான்."

"உங்க ஒரு வார்த்தையால."

"ஆமா லிடி."

"எத்தனையோ பேர எரிச்சிருக்கீங்க ரெண்டு பேரும். அவரு லீவுல வந்தப்ப தூக்கத்துல என்னென்ன உளறினாருன்னு எனக்குத் தெரியும். அதெல்லாம் செய்ய முடிஞ்சுது உங்களால. என் புருஷனுக்காக ஒரே ஒரு பொய், அது சொல்ல முடியலயா?"

துடிக்காதவனைத் துடித்தான் என்று சொல்ல முடியவில்லை என்பதை எப்படி விளக்குவது? அவள் கேட்டதும் நியாயம்தான். அவள் எழுந்து, அவன் பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

"இனிமே வராதீங்க அண்ணா."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு மாடி இறங்கியிருப்பான். மேலே கதவு திறந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"சத்தமே போடலன்னு சொன்னீங்களே. அது எனக்காகச் சொன்னதா, நெசமா?"

"கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னது லிடி."

அவள் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். கதவைச் சாத்தும் சத்தத்துக்காக ஓஸ்வின் படியிலேயே காத்திருந்தான். மெதுவாகத்தான் சாத்தினாள். கீழ் வீட்டில் யாரோ முட்டைக்கோஸ் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினான். அன்றைக்கு அவனுக்கு மாலை முறை வேலை இருந்தது.